கம்ப்யூட்டரை உயரத்தில் வைத்தவர்கள்

எங்கள் அலுவலகத்துக்குப் புது நாற்காலிகள் வந்திருக்கின்றன. முதுகுக்கு வலை, கழுத்துக்குத் திண்டு, அடியில் சக்கரம், பக்கத்தில் ஏற்றி இறக்க நெம்புகோல். நாற்காலியோடு ஒரு வகுப்பும் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பையன் வந்து, கம்ப்யூட்டர் முன்னால் எப்படி உட்கார்ந்தால் கை கெடாது என்று படம் போட்டுக் காட்டினான். கூட்டம் குறைவாக இருந்ததால் ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டார்கள். நானும் போண்டா உண்டு என்று தெரிந்துதான் போனேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். அத்தனை நாற்காலியிலும் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"ஏம்ப்பா, கழட்டல?"

"அழுக்காயிடும் சார்."

"அந்த நெம்புகோல இழுத்து ஒசரத்த சரி பண்ணிக்கலாமே?"

"ஒடஞ்சா யாரு சார் பதில் சொல்றது?"

உறையில் வழுக்கிக்கொண்டும், வழுக்காமலிருக்க மேசையைப் பிடித்துக்கொண்டும் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். இலாகா பிழைத்துக்கொள்ளும் என்று நிம்மதியாகப் போண்டாவை முடித்தேன். அப்போதுதான் சங்க இதழ் நடத்தும் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். "சார், உங்க காலத்துல இதெல்லாம் எப்படி இருந்துச்சு, எழுதிக் குடுங்களேன்." உங்க காலமாம். நான் தலைக்கு மை அடிப்பதைக்கூட இன்னும் நிறுத்தவில்லை. என் வலது கை எனக்கு முன்னாலேயே வேலையை விட்டு நின்றுவிட்டது. அது போன பிறகு தனியாக எதற்கு என்று நானும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் முதுமை.

எந்த இலாகா என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். தலைமை அலுவலகம் விழுப்புரத்தில், நான் இருந்த கிளை திண்டிவனத்தில். அது போதும்.

விழுப்புரத்தில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். லோயர், ஹையர் இரண்டும் தேறினேன். அங்கே இருந்த மாஸ்டர், மணிக்கட்டு தொங்கினால் ஸ்கேலால் அடிப்பார். கையைப் பற்றி அக்கறைப்பட்டு என்னிடம் பேசிய கடைசி மேலதிகாரி அவர்தான். பிறகு தேர்வு, வேலை, திண்டிவனம். என் கல்வி வரலாறு முடிந்தது.

திண்டிவனத்தில் எங்களுக்கு மேலே தணிகாசலம் சூப்பிரண்டு. அவர் கத்த மாட்டார். கத்துகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம், கத்தி முடித்ததும் டீ வாங்கிக் கொடுப்பார். இவர் குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே மெதுவாக, "ரூல்ல இருக்கா?" என்பார். அதோடு அந்த விஷயம் செத்துவிடும். மல்லாட்டை தின்னும்போதுகூட, உரிக்க அனுமதி உண்டா என்று யோசிக்கிற மாதிரி ஒவ்வொரு கடலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உரிப்பார்.

அவர் நாற்காலிக்குக் கை உண்டு, முதுகில் வெள்ளைத் துண்டு உண்டு. திங்கட்கிழமை தோறும் துண்டு மாறும். எங்கள் இலாகாவில் கை வைத்த நாற்காலி சூப்பிரண்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கீழே இருப்பவர்களுக்குக் கையில்லாத மொட்டை நாற்காலி. நாள் முழுக்க டைப் அடிக்கிறவனுக்குக் கை தாங்கல் வேண்டாம், கையெழுத்துப் போடுகிறவருக்குக் கட்டாயம் வேண்டும் என்று யாரோ ஒரு மகான் முடிவு செய்திருக்கிறார். தணிகாசலத்தின் கையெழுத்து ஒரு புள்ளியும் ஒரு கோடும். அந்தக் கோட்டுக்குத்தான் அத்தனை தாங்கல்.

ஒருநாள் கம்ப்யூட்டர் வந்தது. தணிகாசலம் அதைக் கம்ப்யூட்டர் என்று சொன்னதே இல்லை. மெஷின் என்பார், குரலைத் தாழ்த்தி. மெஷினுக்குத் தனி அறை, தனி ஏசி. எங்களுக்கு மின்விசிறி, அதுவும் நினைத்தால் சுற்றுவது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்குத் திரை நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். கீபோர்டுக்கும் ஒரு வரிசை சந்தனம் வைத்தார்கள். பொங்கல் வரைக்கும் ஒரு எழுத்து உள்ளே போனால் வெளியே வராது.

மெஷினை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. எங்களிடம் டைப்ரைட்டர் மேசைகள் இருந்தன. டைப்ரைட்டர் தடித்த சாமான், அதன் விசைகள் மேசைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அதனால் அந்த மேசையைத் தாழ்வாகச் செய்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டரை அதன் மேல் வைக்கப் போனேன்.

"இன்னாய்யா இது?" என்றார் தணிகாசலம். "சர்க்காரு குடுத்த மெஷின முட்டிக்கால் ஒசரத்துல வைக்கிற? சாமி படத்த தரையில மாட்டுவியா நீ?"

ஆகவே பைல் தைக்கிற பெரிய மேசை உள்ளே வந்தது. அதன் மேல் பெட்டி, பெட்டியின் மேல் திரை. கீபோர்டுக்குத் தூசி படாமல் தடித்த பிளாஸ்டிக் உறை. அதை அமுக்குவது ஈர மெத்தையில் டைப் அடிக்கிற மாதிரி. மௌஸ் எட்டாத தூரத்தில், ஒரு மஞ்சள் துணி மேல். வயர் மேல் வயர் போனால் ஷார்ட் ஆகும் என்று தணிகாசலத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தாழ்வான மேசைகளை இனி உதவாது, ஏலத்துக்குத்தான் என்று எழுதி, அதாவது கண்டம் செய்து, பின்பக்கக் கொட்டகையில் போட்டார்கள். வாட்ச்மேனின் கோழிகள் அதில் ஏறி உட்கார்ந்தன. அலுவலகத்தில் சரியான உயரத்தில் உட்கார்ந்தவை அந்தக் கோழிகள் மட்டும்தான்.

நாங்கள் மொட்டை நாற்காலியில் உட்கார்ந்து, தோள் காதைத் தொட, கழுத்து வானம் பார்க்க, மணிக்கட்டு மேசை விளிம்பில் அறுபட, வருஷக்கணக்காக அடித்தோம். எனக்கு முதலில் கட்டைவிரல் மரத்தது. பிறகு ஊசி குத்தியது. பிறகு டம்ளர் நழுவியது. நான் புத்திசாலி இல்லையா, உடனே எண்ணெய்க் கட்டுப் போட்டேன். செம்புக் காப்பு மாட்டினேன். ஜாதகம் பார்த்தேன், கிரகம் கையில்தான் இருக்கிறது என்றார்கள். உட்காருகிற விதத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. என் மனைவி, "அப்படி ஆபீஸ்ல இன்னாதான் கிழிக்கிறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

கடைசியில் விழுப்புரத்தில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். சின்னப் பெண். "ஆபீஸ்ல எப்படி ஒக்காருவீங்க சார், ஒக்காந்து காட்டுங்க" என்றாள். அவளுடைய உயரமான கட்டில் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காட்டினேன்.

அவள் என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "யாராவது உங்கள இப்படி கட்டிப் போட்டு வெச்சிருந்தாங்களா சார்?"

"சம்பளம் குடுத்து வெச்சிருந்தாங்கம்மா."

அவள் என்னைத் திருத்தி உட்கார வைத்தாள். முதுகு நாற்காலியில் ஒட்ட வேண்டும். பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும், படாவிட்டால் பலகை போட வேண்டும். தோளைத் தொங்கவிட்டு, முழங்கை விலாவோடு சேர்ந்திருக்க, முன்கையைத் தரைக்குச் சமமாக நீட்டினால் விரல் எங்கே இருக்கிறதோ அங்கே கீபோர்டு இருக்க வேண்டும். கீபோர்டு இருக்கிற இடத்துக்குக் கை போகக் கூடாது. மணிக்கட்டு மேலேயும் மடங்கக் கூடாது, கீழேயும் மடங்கக் கூடாது, பக்கத்திலும் கோணக் கூடாது. மௌஸ் கீபோர்டை ஒட்டி, அதே உயரத்தில். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கையை நீட்டினால் விரல் தொடுகிற தூரத்தில். பார்த்து அடிக்கிற காகிதம் திரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விசையை மெதுவாகத் தட்டினால் போதும், குத்த வேண்டாம். இத்தனையும் சரியாக வைத்த பிறகும் அடிக்கடி கையை எடுத்து ஆற விட வேண்டும்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான் சார். ஆனா நீங்க ரொம்ப லேட்டு."

அதற்கப்புறம் என்னால் வேகமாக அடிக்க முடியவில்லை. டைப் அடிக்க லாயக்கில்லாதவனை என்ன செய்வது? மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பில் போட்டார்கள். யு.பி.எஸ்ஸை அணைத்துப் போடத் தெரிந்ததால் நான் கம்ப்யூட்டர் நிபுணன் ஆனேன். என் இடத்தில் டைப் அடிக்க ஹமீதா வந்தாள்.

கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் மாறி வருவாள். நல்ல உயரம். தொகுப்பூதியம், அதாவது வேலை முழுசு, உத்தியோகம் அரைகுறை. அவள் வேகத்தில் அடிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அந்தக் கனத்த உறைக்கு மேலேயே அவ்வளவு வேகம் என்றால், உறையில்லாமல் விட்டால் திண்டிவனத்து வேலையை முடித்துவிட்டு விழுப்புரத்து வேலையையும் முடித்திருப்பாள். தணிகாசலம் அவள் பின்னால் நின்று, திரையில் விரலை வைத்து அழுத்தி, "இங்க ஒரு புள்ளி" என்பார். அவர் போன பிறகு அவள் அந்த விரல் ரேகையைத் துடைப்பாள்.

தொகுப்பூதியக்காரர்களை நிரந்தரம் செய்யப் போவதாக உத்தரவு வந்தது. விழுப்புரத்தில் அதிகாரிகள் முன்னால் டைப்பிங் டெஸ்ட். தேறினால் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் ஒப்பந்தம் அதோடு முடியும். அந்த வாரம் ஒரு மத்தியானம் ஹமீதா தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஏகாம்பரம் சார், இத்த கொஞ்சம் தொறந்து குடுங்க."

நான் முயன்றேன். என் கை ஒத்துழைக்கவில்லை. அவள் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள நான் திருகினேன், நான் பிடித்துக்கொள்ள அவள் திருகினாள். இலாகாவின் இரண்டு தட்டச்சர்கள் சேர்ந்து ஒரு மூடியைத் திறக்க முடியவில்லை. வாட்ச்மேன் வந்து இரண்டு விரலால் திறந்துவிட்டு, எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

"எத்தினி நாளா இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும் சார். தூக்கத்துல மரத்துப் பூடுது. உதறிக்கினே படுத்துக்கினு இருக்கேன்."

"வூட்ல சொன்னியா?"

"சொல்லி? அவரு துபாய்ல வேல பூடிச்சின்னு வந்து குந்திக்கினு இருக்காரு. நானும் கைய காட்டினா, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு குந்திக்க வேண்டியதுதான்." பாட்டிலை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடித்தாள். "டெஸ்ட் வரைக்கும் தாங்கினா போதும் சார். அப்பறம் வெட்டிப் போட்டாலும் பரவால்ல."

தாங்காது என்று எனக்குத் தெரியும். அதே மேசையில் நான் தாங்காதவன்.

அன்றைக்கே தணிகாசலத்திடம் போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அது நான் செய்த முதல் மடத்தனம்.

"சார், ஹமீதாவுக்கு கை பூடும் போல இருக்கு. மேச ஒசரம். பழைய டைப்ரைட்டர் மேச ஒண்ணு கொட்டாயில கெடக்குது, அத்த எடுத்துப் போட்டா சரியாப் பூடும்."

"கண்டம் பண்ண மேசையா?" பல்லிலிருந்து குச்சியை எடுத்தார். "ஆபீஸ் கணக்குல இல்லாத மேசைய ஆபீஸ்க்குள்ள எப்படிப் போடுவ?"

"அப்ப சேராவது ஒசத்திக் குடுங்க சார். உங்களோட பழைய சேரு ஸ்டோர்ல சும்மாதான..."

"அதுக்குக் கை இருக்கு ஏகாம்பரம்."

"கை வலிக்குதுன்னுதான் சார் கேக்குறேன்."

"கை வெச்ச சேருல தொகுப்பூதியம் ஒக்காந்தா, நான் எதுல ஒக்கார்றது? ஊஞ்சல்லயா?"

"வலி தாங்கல சார் அந்தப் பொண்ணுக்கு."

"வலின்னா லீவு போடச் சொல்லு."

"தொகுப்பூதியத்துக்கு லீவு கெடையாது சார்."

"பாத்தியா. லீவே கெடையாதுன்னா வலிக்கவும் கூடாது. ரூலு போட்டவன் யோசிக்காமயா போட்டிருப்பான்?" மறுபடியும் குச்சி பல்லுக்குப் போனது. "எனக்குந்தான் கையெழுத்துப் போட்டுப் போட்டு வலிக்குது. நான் யார்கிட்ட போய் சொல்றது?"

நான் வெளியே வந்து நின்றேன். மெஷின் அறைக் கதவு இடுக்கிலிருந்து சில்லென்று காற்று என் காலில் பட்டது. மேலே படவில்லை, காலில்தான் பட்டது. வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை கால் வழியாகத்தான் வந்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை காலை. புதுத் துண்டு போட்ட சந்தோஷத்தில் இருந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன்.

"சார், மெஷினு நெல சரியில்ல."

குச்சி கீழே விழுந்தது. "இன்னா ஆச்சி?"

"சூடு சார். ஏசி காத்து கனமா இருக்குது பாருங்க, அது கீழயே தங்கிப் பூடுது. மெஷின நாம மேல வெச்சிருக்கோம். மேல பூரா அனலு. வேணும்னா நாற்காலி மேல ஏறி நின்னு பாருங்க."

அவர் நிஜமாகவே ஏறினார். மெஷின் அறையில் மொட்டை நாற்காலி மேல் ஏறி, கூரைப் பக்கம் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். பிறகு இறங்கித் தரைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஆமாய்யா. இத்தினி வருசமா இந்தச் சூட்டுலயா இருந்துது?" அந்த வாய்தான், லீவு இல்லாதவளுக்கு வலிக்கக் கூடாது என்று சொன்ன வாய்.

"தாழ்வா வெக்கணும் சார். ஆனா நம்மகிட்ட தாழ்வான மேசை ஏது? கண்டம் பண்ணதுதான் இருக்குது..."

"ஏலம் வர்ற வரைக்கும் அந்த மேசைய கோழி நாசம் பண்ணிக்கினு இருக்குது. மெஷின அது மேல வெச்சா, மெஷினுக்கும் பாதுகாப்பு, மேசைக்கும் பாதுகாப்பு. ஜல்தி கொண்டா!"

ரூல் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

அப்புறம் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கீபோர்டு உறைக்குள் புழுங்கி வேர்க்கிறது என்றேன், உறை போனது. மௌஸ் தூரத்தில் இருந்தால் வயர் இழுபட்டு உயிர் போகும் என்றேன், கீபோர்டை ஒட்டி வந்தது. திரை குனிந்திருந்தால் தூசி இறங்கும் என்று சொல்லி, பழைய கெஜட் கட்டுகளை அடியில் கொடுத்து ஹமீதாவின் கண் மட்டத்துக்கு நிறுத்தினேன். வெறும் தரையில் காலின் ஈரம் பட்டால் மெஷினுக்கு ஆகாது என்றதும், காலுக்குப் பலகை வந்தது. இவ்வளவுக்கும் ஹமீதா ஒரு மூலையில் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

கடைசியாக ஒன்று சொன்னேன். "விடாம அடிச்சா சூடேறும் சார். நடுவுல நடுவுல மெஷினுக்கு ரெஸ்ட் குடுக்கணும்."

அதற்கப்புறம் தணிகாசலத்தைப் பார்க்க வேண்டுமே. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துக்கொண்டார். அவ்வப்போது துண்டு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கதவைத் திறந்து, "யம்மா, கைய எடு! மெஷினுக்கு ரெஸ்ட்டு!" என்பார். ஹமீதா கையை எடுத்து மடியில் போட்டு, விரலை விரித்து மூடி, பிசியோதெரபி அம்மாவிடம் நான் கற்று வந்த பயிற்சிகளைச் செய்வாள். அவர் அவளைப் பார்க்க மாட்டார். மெஷினை வாஞ்சையோடு பார்த்துவிட்டு, "போதுமா ஏகாம்பரம், இன்னும் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கட்டுமா?" என்று என்னைக் கேட்பார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

மனுஷிக்காகக் கேட்டேன், கிடைக்கவில்லை. மெஷினுக்காகக் கேட்டேன், கேட்காததும் கிடைத்தது. என் சர்வீஸில் நான் கற்ற நிர்வாகவியல் இவ்வளவுதான்.

ஹமீதாவின் கை மெல்ல மெல்லத் தேறியது. முழுசாக இல்லை. சரியான உயரத்தில் உட்கார்ந்தால் தாங்கும், தோளைத் தூக்கி அடித்தால் சில வரிகளிலேயே பூட்டிக்கொள்ளும். டெஸ்ட் நாளில் விழுப்புரத்தில் எந்த மேசையோ தெரியாது. மெஷின்களைச் சரிபார்க்க என்னையும் அனுப்பினார்கள். நான் ஒரு பெரிய கட்டைப்பையில் காலுக்குப் பலகை, இரண்டு கெஜட் கட்டு, ஒரு தலையணை எல்லாம் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இன்னா சார், வூடு காலி பண்ணிக்கினு போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

தலைமை அலுவலகத்துக் கூடத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டேன். முன்னொரு காலத்தில் ஜனங்கள் நின்று பணம் கட்டிய கல் பலகைக் கவுண்டர் அங்கே நீளமாக இருந்தது. பிளக் பாயிண்ட் எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று அந்தக் கல் பலகை மேலேயே மெஷின்களை வரிசையாக வைத்திருந்தார்கள். உட்கார பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தால் கீபோர்டு நெஞ்சுக்கு வரும். தேர்வு எழுத வந்தவர்கள், பெரியவர்கள் மேசையில் சாப்பிட உட்கார்ந்த குழந்தைகள் மாதிரி இருந்தார்கள். எதிரே மேடையில் அதிகாரிகள் மூன்று பேர், சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தணிகாசலத்துக்கு அங்கே பிளாஸ்டிக் நாற்காலிதான். அவர் அதிலும் உட்காரவில்லை. வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றார்.

கை பழக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். ஹமீதா உட்கார்ந்து அடித்துப் பார்த்தாள். நாலைந்து வரி போனது. விரல்கள் நின்றன. கையை உதறினாள். மறுபடி அடித்தாள், மறுபடி உதறினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பையோடு மேடைக்கு ஓடினேன். நடுவில் இருந்தவர் துணை இயக்குநர், டிடி என்பார்கள், வயசில் சின்னவர்.

"சார், மெஷினு ரொம்ப ஒசரத்துல இருக்குது. சூடு ஏறும். கீழ எறக்கி மேசையில வெச்சா..."

அவர் சிரித்தார். "என்ன சார் இது, புதுக் கதையா இருக்கு? நான் கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்தவன். மெஷினுக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

பொய் படிக்காதவரிடம்தான் செல்லும் போலிருக்கிறது. உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று, "ஆளுக்கு ஆவும் சார்" என்றேன்.

"கொஞ்ச நேரந்தானே? அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க." தன் நாற்காலியின் நெம்புகோலை இழுத்து, இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார்.

உண்மையும் செல்லவில்லை. தணிகாசலம் என்னை முறைத்தார். நான் தலையணையை அணைத்துக்கொண்டு, ரயிலைத் தவறவிட்டவன் மாதிரி கூடத்தின் நடுவில் நின்றேன். இந்த நிபுணனால் ஆனது அவ்வளவுதான்.

மணி அடிக்கப் போனார்கள். ஹமீதா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் துணை இயக்குநர். "உட்காருங்க, ஆரம்பிக்கப் போறோம்."

"இருக்கட்டும் சார்." முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். "பெரியவங்க நீங்கல்லாம் எதிர்ல ஒக்காந்திருக்கீங்க. நான் நின்னுக்கினே அடிச்சிர்றேன்."

துணை இயக்குநர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "பாருங்க சார், இந்தக் காலத்துல..." என்றார். பிறகு, "எந்த பிராஞ்ச் இவங்க?"

தணிகாசலம் ஓரடி முன்னால் வந்தார். "நம்ம பிராஞ்சுதான் சார். பணிவு முக்கியம்னு சொல்லிச் சொல்லி வெச்சிருக்கேன்."

மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒருத்தி மரியாதைக்கு நிற்கும்போது உட்கார்ந்திருந்தால் நாளைக்கு என்ன ஆகுமோ! முதலில் செஞ்சிப் பக்கத்துப் பையன் எழுந்தான். அடுத்தவள் எழுந்தாள். வரிசை முழுக்க எழுந்துவிட்டது. ஒருத்தன் பழக்கமில்லாமல் கொக்கு மாதிரி கால் மாற்றிக்கொண்டே இருந்தான். மூன்று அதிகாரிகளும் சுழல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்கிறவர்கள் மாதிரி அந்த மரியாதையை வாங்கிக்கொண்டார்கள்.

மணி அடித்தது. நான் ஹமீதாவை மட்டும் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. முழங்கை விலாவோடு இருந்தது. முன்கை அந்தக் கல் பலகைக்குச் சமமாக நீண்டு, மணிக்கட்டு எங்கும் மடங்காமல், விரல் போய் நின்ற இடத்தில் கீபோர்டு இருந்தது. நின்று பணம் கட்டியவர்களின் கைக்கு அளந்து கட்டிய கவுண்டர் இல்லையா. அவள் ஒரு தடவைகூடக் கையை உதறவில்லை. மற்றவர்கள் பாதிப் பக்கத்தில் இருக்கும்போது அவள் காகிதத்தைத் திருப்பினாள்.

சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார்கள். ஹமீதா தேறிவிட்டாள். தணிகாசலம் எங்களை வராந்தாவில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

"டெஸ்ட்ட விடு. டெஸ்ட்டு யாரு வேணா பாஸ் பண்ணலாம். நீ நின்ன பாரு, அதத்தான் டிடி சார் நாலு தபா சொன்னாரு. நிரந்தரம் ஆனப்பறமும் இந்தப் பணிவு இருக்கணும், புரிஞ்சுதா?"

"சரிங்க சார்" என்றாள் ஹமீதா, தலையைக் குனிந்து.

அவர் போன பிறகு நானும் அவளும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். என் பையிலிருந்த பலகை காலில் இடித்துக்கொண்டே வந்தது. டீக்கடையில் அவள் டம்ளரை ஒரு கையாலேயே எடுத்தாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நெஜமாவே மரியாதைக்கா நின்ன?"

அவள் டீயை ஊதினாள். "போங்க சார். குந்தினா கை பூடும், நின்னா கால்தான் வலிக்கும். காலு இன்னா டைப்பா அடிக்கப் போவுது?"